கபடிக் கோட்டுக்கு வெளியே ஒரு சிஸ்டர்

எங்கள் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவரும் இல்லை. ஜெனரல் மேனேஜரிலிருந்து கேன்டீனில் தட்டுக் கழுவுகிற அம்மாள் வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஓசூர் தொழிற்பேட்டையில் கியர் வெட்டுகிற கம்பெனி அது. எண்பதுகளின் நடுவில் முதலுதவி அறைக்கு நர்ஸாக வந்து சேர்ந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். முப்பது வயது இருக்கலாம். குள்ளம். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். அவர் பேசுகிற தமிழ் பாதி எங்களுக்குப் புரியாது. எங்கள் பேச்சில் கலந்து வரும் தெலுங்கும் கன்னடமும் அவருக்குப் புரியாது. வந்த புதிதில் எல்லோரையும் 'மக்கா' என்று கூப்பிட்டார். மக்கு என்று திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் யூனியனில் போய்ச் சொன்னார்கள். பிறகுதான் அது அவர்கள் ஊரில் பிள்ளைகளைக் கொஞ்சுகிற சொல் என்று தெரிந்தது.

அவருக்கு உலகத்தில் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. 'ஒண்ணும் இல்ல.' யாராவது போய், ஒண்ணும் இல்ல சிஸ்டர், ஒரு மாத்திரை மட்டும் கொடுங்க என்று நின்றால், ஒன்றும் இல்லாதவனுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டு உட்காரவைத்துவிடுவார். பல்லைக் காட்டு, கண்ணைக் காட்டு, நேற்று என்ன தின்றாய் என்று அரைமணி நேரம் போய்விடும். சூப்பர்வைசர் ஆள் அனுப்புவார். அந்த ஆளிடமும் நாக்கை நீட்டச் சொல்வார்.

நான் அப்போது இன்ஸ்பெக்ஷனில், கேஜ் என்கிற அளவுக்கருவியை வைத்துக் கியர்களைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தேன். சொந்த ஊர் மத்தூர். மத்திகிரியில் வாடகை வீடு. புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. கம்பெனி கபடி அணிக்கு நான்தான் கேப்டன். அந்தக் காலத்தில் கம்பெனிகளுக்குள் கபடிப் போட்டி என்றால் தொழிற்பேட்டையே கூடிவிடும். பெங்களூர்ப் பக்கத்திலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் அணிகள் வரும். மேட் எல்லாம் கிடையாது. கம்பெனிக்குப் பின்னால் செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான். முழங்கால் தேய்வதும் விரல் பிசகுவதும் சாதாரணம். தலையில் அடிபட்டால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, எத்தனை விரல் என்று காட்டிக் கேட்போம். எத்தனை என்று சொன்னாலும் சரி, எழுந்து நின்றுவிட்டால் அவன் ஆடலாம்.

போட்டிக்கு முன்னால் பன்னிரண்டு பேருக்கும் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வருகிற டாக்டர் தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போடுவார். அந்த வருஷம் டாக்டரிடம் போவதற்கு முன்னால் சிஸ்டர் எங்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். இருபதிலிருந்து இறங்கி எண்ணச் சொன்னார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வாழைப்பழம், சாவி, ஆறு, செருப்பு, மஞ்சள் என்று ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, அந்த ஐந்தையும் திரும்பக் கேட்டார். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வரிசையில் நின்ற எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்றான் ஒருவன். வெல்டர் கோவிந்தன் மூன்று தடவை முயன்றும் இடது காலில் நிற்க முடியாமல் கட்டில்மேல் சாய்ந்தான். எங்களுடைய பெரிய ஆட்டக்காரன் முனிராஜு, பாகலூர் பக்கத்துப் பையன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். தமிழில் இருபதிலிருந்து இறங்கும்போது பதினாறில் தடுக்கினான். தெலுங்கில் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு மடமடவென்று கொட்டினான். சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டு அவன் சொன்னது சரியா என்று கேட்டார். சரி என்றேன். அவன் பெயருக்கு நேரே 'தெலுங்கில் மட்டும்' என்று எழுதினார்.

இதெல்லாம் எதற்கு, எங்களுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன்.

"நீங்க கேஜ் வச்சு அளக்கதுக்கு முன்னால கேஜ் சரியா இருக்கான்னு பாக்க மாட்டியளா? அந்த வெல்டர் பய நல்லா இருக்கும்போதே ஒத்தக் கால்ல நிக்க மாட்டான். அது இன்னைக்கே தெரியலேன்னா, நாளைக்கு விழுந்தா தலையில அடின்னு நெனச்சிருவேன்லா?" என்றார்.

கேஜ் பிடித்துச் சம்பளம் வாங்குகிற நான் அடுத்த ஆளை உள்ளே அனுப்பினேன்.

முதலில் மாட்டியவன் கோவிந்தன்தான். பயிற்சியில் ஒருவன் முழங்கால் அவன் காதுக்கு மேல் பட்டது. எழுந்தான், மண்ணைத் தட்டினான், கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனான். போனது எங்கள் பக்கத்துக்கே. சொந்த அணியில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பி ஓடினான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த சிஸ்டர் நின்று பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, செருப்போடு களத்துக்குள் வந்து, கோவிந்தன் கையைப் பிடித்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்.

காலையில் ஏன் வேலைக்குத் தாமதமாக வந்தாய் என்பதுதான் முதல் கேள்வி. அன்று அவன் கேட்டில் தாமதமாகக் கையெழுத்துப் போட்டது அவருக்குத் தெரிந்திருந்தது. யானை வழியை மறித்துக்கொண்டு நின்றது, அது போகிற வரைக்கும் காத்திருந்தேன் என்றான் கோவிந்தன். சிஸ்டர் முகம் மாறிவிட்டது. நோட்டை எடுத்து, நினைவுத் தடுமாற்றம் என்று எழுதிவிட்டு, உடனே வண்டி வேண்டும் என்றார். கோவிந்தன் வீடு சானமாவுக் காட்டோரம். ராகிக் கதிர் முற்றுகிற நாட்களில் யானை ரோட்டில் நிற்பது அவர்களுக்கு மாடு நிற்கிற மாதிரி. நாங்கள் பத்துப் பேரும் சத்தியம் செய்து சொன்னோம். நீங்கள் எல்லோரும் அவன் கூட்டாளிகள், அப்படித்தான் சொல்வீர்கள் என்றார். மறுநாள் அந்தத் தடத்து பஸ் டிரைவரையே பிடித்து விசாரித்த பிறகுதான் அந்த வரியை அடித்தார். ஆனால் கோவிந்தன் தப்பவில்லை. சொந்த அணியைத் தொட்டதற்கு யானை காரணமில்லையே.

அன்றிலிருந்துதான் அவருடைய படிக்கணக்கு ஆரம்பமானது. அடிபட்ட அன்று ஆட்டம் கிடையாது. தலைவலி முழுதாகப் போகிற வரை ஓய்வு, மெஷினும் தொடக் கூடாது. பிறகு ஒருநாள் நடை. வலிக்காவிட்டால் மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். அதற்கு மறுநாள் யாரும் தொடாமல் தனியாகப் பாடிப் பழகலாம். அப்புறம் டாக்டர் பார்ப்பார். அதற்கும் பிறகுதான் பிடி. எந்தப் படியில் தலை வலித்தாலும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வெல்டிங் சூப்பர்வைசர் வந்து குதித்தார். காயம் எதுவும் தெரியாத ஆளை எப்படிச் சும்மா உட்காரவைப்பது என்றார். கால் உடைந்தவன் கட்டுப் பிரித்த அன்றே ஓடுவானா, மூளைக்குக் கட்டுப் போட முடியாது என்பதற்காக அதற்கு ஓய்வு வேண்டாமா என்று கேட்டார் சிஸ்டர். கோவிந்தன் நான்கு நாள் ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு எண்ணினான். அவனுக்கு அது பிடித்துப்போனதுதான் சங்கடம். ஐந்தாம் நாளும் லேசாக வலிக்கிறது என்றான். சிஸ்டர், வலிக்கிறவனுக்குக் கேன்டீன் போண்டா ஆகாது, கஞ்சிதான் என்றார். மதியத்துக்குள் சரியாகிவிட்டது.

அடுத்தது நான். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் வெட்கம்தான்.

சிஸ்டர் கேட்கிற கேள்விகள் மாறுவதில்லை என்பதை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். அதே மாதங்கள், அதே இருபது, அதே ஐந்து வார்த்தைகள். கேப்டன் என்ற முறையில் நானே எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். மறந்துபோகாமல் இருக்க ஒரு வாக்கியமும் கட்டிக் கொடுத்தேன். வாழைப்பழம் தின்று, சாவியைத் தொலைத்து, ஆற்றில் இறங்கி, செருப்பை விட்டு, மஞ்சள் பூசி வந்தான். அணியில் எல்லோருக்கும் அது மனப்பாடம். எனக்கு எல்லோரையும்விட நன்றாக.

லீக் ஆட்டம் ஒன்றில் எதிரணிக்காரன் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தேன். அவன் குதிகால் என் நெற்றிப்பொட்டில் இறங்கியது. பிறகு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் சிஸ்டர் குந்தியிருந்தார். நான் சிரித்த முகமாக, மிகத் தெளிவாக, வாழைப்பழம் சாவி ஆறு செருப்பு மஞ்சள் என்றேன்.

சிஸ்டர் நோட்டை மடித்தார். பிறகு, "நான் இன்னும் வார்த்தையே சொல்லலியே மக்கா" என்றார்.

சுற்றி நின்ற பத்துப் பேரும் மண்ணைப் பார்த்தார்கள். அன்றே எங்கள் கள்ளம் வெளியாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் புது வார்த்தைகள். ஆத்திரத்தில் அவர் தேர்ந்தெடுத்தவை எல்லாம் நாகர்கோவில் வார்த்தைகளாக இருந்தன. பாதிக்கு எங்களுக்கு அர்த்தமே தெரியாது.

அன்று என்னைத் தனியாக பஸ் ஏறவிடவில்லை. கம்பெனி வேனில் மத்திகிரிக்கு அனுப்பி, டிரைவரிடம் என் மனைவிக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார். என்னென்ன கவனிக்க வேண்டும், வாந்தி எடுத்தால், பேச்சுக் குழறினால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில், 'இன்று இவர் தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தார். என் மனைவி அந்தச் சீட்டைப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொண்டாள். இன்று என்பதை மட்டும் அவள் கண்டுகொள்ளவே இல்லை. பல வருஷம் அந்தச் சீட்டை வைத்தே என்னை மடக்கினாள்.

சிஸ்டர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எங்களுக்குள் பெரிய ஆராய்ச்சி நடந்தது. அண்ணன் ஒருவர் விளையாட்டில் இறந்துபோயிருக்க வேண்டும் என்றார் டூல்ரூம்காரர். அண்ணன் இல்லை, கட்டிக்கொள்ள இருந்த மாமன் மகன் என்றான் கோவிந்தன். மாமன் மகன் கதை மெஷின் ஷாப் முழுக்கப் பரவி, அவன் கால்பந்து ஆடுகிறவன் என்பது வரைக்கும் வளர்ந்தது. ஒருநாள் கையில் வெட்டுக்காயத்தோடு போனபோது நான் கேட்டுவிட்டேன். பஞ்சை வைத்து அழுத்தியபடியே சிரித்தார். அவருக்கு இரண்டு அண்ணன்கள், இருவரும் நன்றாக இருக்கிறார்கள், ஒருவர் ரொம்பவே நன்றாக இருக்கிறார், நூறு கிலோ என்றார். மாமன் மகன் மார்த்தாண்டத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான்.

"கதை ஒண்ணும் கெடையாது. தலைக்குள்ள என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத எடத்துல ஒரு நாள் பொறுக்கதுல என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரில் ஆனேக்கல் அணி. ஜெனரல் மேனேஜர் குடும்பத்தோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோப்பை வந்தால் அணியில் இருக்கிற ஒப்பந்தத் தொழிலாளிகள் நான்கு பேரையும் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதைப் பார்க்கிற பர்சனல் ஆபீஸரே வாயால் சொல்லியிருந்தார். அந்த நான்கு பேரில் முனிராஜு ஒருவன். அவன் அம்மாவும் தங்கைகளும் பாகலூரிலிருந்து வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

முதல் பாதியில் அவன் மட்டுமே எட்டு பாயிண்ட் எடுத்தான். இரண்டாம் பாதியில் கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது, அவனைப் பிடித்தவனோடு சேர்ந்து விழுந்தான். இரண்டு தலைகளும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. எதிராளி உடனே எழுந்துவிட்டான். முனிராஜுவும் எழுந்தான், ஆனால் எழுவதற்கு முன்னால் மண்ணில் முகம் பதித்துக் கொஞ்ச நேரம் கிடந்தான். அந்தக் கொஞ்ச நேரம் போதும் சிஸ்டருக்கு. நடுவரிடம் கை காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அவன் சிஸ்டரைப் பார்த்ததுமே, "அக்கா, ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கறன்" என்றான்.

என்ன ஸ்கோர் என்று கேட்டார். சரியாகச் சொன்னான். எதிரணி எந்த ஊர் என்றார். சொன்னான். எனக்கு மூச்சு வந்தது. பிறகு சிஸ்டர், "இருபதுல இருந்து எறங்கு. தெலுங்குலயே சொல்லு" என்றார்.

முனிராஜு ஆரம்பித்தான். "இரவை, பந்தொம்மிதி, பத்தெனிமிதி, பதிஹேடு..." பதினேழில் நின்றான். மறுபடி பத்தெனிமிதி என்றான். மறுபடி பதிஹேடு. மறுபடி பத்தெனிமிதிக்கு ஏறினான். பிறகு முடித்துவிட்டவன் போலச் சிரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். அவனுக்கு அது தெரியவே இல்லை. அணியில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். ஒருவர்கூடச் சரி என்று தலையாட்டவில்லை.

சிஸ்டர் அவன் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். அதற்குள் பர்சனல் ஆபீஸர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். டாக்டர் சான்றிதழ் இருக்கிறது, ஆள் நிற்கிறான், பேசுகிறான், ஜி.எம். பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் பத்து நிமிஷ ஆட்டம்தான், இவன் வாழ்க்கையே இதில் இருக்கிறது என்று அடுக்கினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, சிஸ்டரின் வேலையும் இன்னும் தற்காலிகம்தான் என்பதை நினைவுபடுத்தினார்.

சிஸ்டர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். சேலைத் தோளில் குத்தியிருந்த பேனாவை எடுத்தார். இரண்டையும் அவரிடம் நீட்டினார்.

"இவன் ஆடலாம்னு எழுதிக் கையெழுத்து போடுங்க சார். நான் கோட்டுக்கு வெளிய போயிருதேன்."

பர்சனல் ஆபீஸர் தாளைப் பார்த்தார். வாங்கவில்லை. கேப்டன் சொல்லட்டும் என்று என் பக்கம் கையைக் காட்டினார். சிஸ்டர் அதே தாளை என்னிடம் நீட்டினார். கயிற்றுக்கு அப்பால் முனிராஜுவின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. முனிராஜு என் கையைப் பிடித்து, அண்ணா போடுண்ணா என்றான். ஒரு நிமிஷம் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அவன் எண்ணியது என் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பதிஹேடு, பத்தெனிமிதி, பதிஹேடு. நான் திரும்பி, வெளியே உட்கார்ந்திருந்த கோவிந்தனை உள்ளே வரச் சொன்னேன்.

இரண்டு பாயிண்டில் தோற்றோம்.

முனிராஜுவை அன்று மாலையே பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மூன்று நாள் வைத்திருந்து, பயப்படும்படி எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அது எங்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் கம்பெனியில் பேச்சு திரும்பிவிட்டது. ஒன்றுமே இல்லாத பையனை உட்காரவைத்துக் கோப்பையைக் கோட்டைவிட்டோம் என்றார்கள். சிஸ்டர் காதுபடவே சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்றால் அதைவிட வேறென்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு ஊசியைக் கொதிக்கவைக்கப் போய்விட்டார். நிரந்தரப் பேச்சு நின்றுபோனது. சிஸ்டரை நிரந்தரம் ஆக்கும் ஆர்டருக்கான ஃபைலும் பர்சனல் ஆபீஸர் மேசையில் தங்கிவிட்டது. முனிராஜு எங்கள் இரண்டு பேரிடமும் பேசுவதை நிறுத்தினான். சிஸ்டர் எதிரில் வந்தால் வேறு வழியாகப் போனான்.

இருந்தாலும் படிக்கணக்கை அவர் விடவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தான். திருப்பிக்கொண்டே ஓடினான். ஓட்டத்தில் மூன்றாவது சுற்றில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு படி இறக்கினார். இரண்டு நாள் கழித்து மறுபடி ஓடினான், மறுபடி உட்கார்ந்தான். மூன்று வாரம் இப்படியே போனது. யாரும் தொடாமலே, வெறும் ஓட்டத்துக்கே தலை வலித்தது. ஒன்றும் இல்லை என்று பேசியவர்கள் எல்லோரும் மாலையில் டீ குடித்துக்கொண்டே இதைப் பார்த்தார்கள். பேச்சு மெல்ல அடங்கியது.

நான்காவது வாரத்தில், வலிக்காமல் ஓடி முடித்த மறுநாள், முனிராஜு தானாகவே முதலுதவி அறைக்குப் போனான். நான் அங்கே கண்ணில் விழுந்த தூசியை எடுக்க உட்கார்ந்திருந்தேன். வாசலிலேயே நின்று, யாரும் கேட்காமலே, இருபதிலிருந்து ஒன்று வரை தெலுங்கில் இறங்கினான். தடங்கல் இல்லை. சிஸ்டர் என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு அவனைத் தனியாகப் பாடிப் பழகவிட்டார். போகும்போது அவன், "அன்னைக்கும் இப்படித்தாங்கா சொன்னன்னு நெனச்சிட்டு இருந்தன்" என்றான். மறுநாளிலிருந்து பழையபடி அக்கா, அண்ணா. அவனுக்கு நிரந்தரம் கிடைக்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அவன் வேலை செய்த ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவின் ஃபோர்மேன் பிடிவாதமாக நின்று வாங்கிக்கொடுத்தார். கபடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த வருஷம் அதே ஆனேக்கல் அணியோடு அரையிறுதி. இந்தத் தடவை விழுந்தவன் அவர்கள் ஆள். இருபது வயதுகூட இருக்காது. அவர்கள் கேப்டன் தண்ணீர் ஊற்றி விரல் காட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, பையனின் தோளைப் பிடித்துக் களத்தைத் தாண்டி எங்கள் சிஸ்டரிடம் கூட்டிவந்தான். போன வருஷம் தாளை நீட்டியதை அவனும் நின்று பார்த்தவன்தானே. சிஸ்டருக்குக் கன்னடம் தெரியாது. முனிராஜு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் கன்னடத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னான். பையனுக்கு எந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தோம் என்பதே தெரியவில்லை. சிஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவர்கள் கேப்டன் மறுபேச்சுப் பேசாமல் வேறு ஆளை இறக்கினான்.

ஆட்டம் முடிவதற்கு முன்பே சிஸ்டர் அந்தப் பையனோடு அவர்கள் வேனிலேயே ஏறிப் போய்விட்டார். அவனுக்குத் தூக்கம் தூக்கமாக வருகிறதாம், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் வேனில் யாரும் இல்லையாம். அன்று நாங்கள் ஜெயித்தோம். சொல்லலாம் என்று தேடினால் ஆள் இல்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கி அரைமணி கழித்து ஆனேக்கல் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கசங்கிய அதே வெள்ளைச் சேலை. கையில் சணல் கயிறு கட்டிய பலாப்பழம், அவர் உயரத்தில் பாதி இருக்கும். பையன் நன்றாக இருக்கிறான், அவன் வீட்டில் விடாமல் இதையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்றார். வாட்ச்மேனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

டீ நேரத்தில் முதலுதவி அறைத் தரையில் பேப்பர் விரித்து, கத்திக்குத் தேங்காயெண்ணெய் தடவி, அவரே அறுத்தார். எங்கள் ஊரில் இதைச் சக்கை என்போம், இந்த ருசி உள்ளதை மாட்டுக்குத்தான் போடுவோம் என்று முழுநேரமும் குறை சொன்னார். சொல்லிக்கொண்டே பன்னிரண்டு சுளை தின்றார். நான் எண்ணினேன். முனிராஜு சுளைகளைக் காகிதத்தில் வைத்து ஷாப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

அந்த வாசனைக்கோ என்னவோ, பர்சனல் ஆபீஸர் வாசலில் வந்து நின்றார். ஒரு வருஷமாக அவர் அந்த அறைப் பக்கம் வந்ததில்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட ஆளைத்தான் அனுப்புவார். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்து, உட்காருங்க சார் என்று ஸ்டூலைத் தள்ளினார். அவர் உட்கார்ந்தார். ஒரு சுளை எடுத்தார். பிறகு தானாகவே இரண்டு, மூன்று. நான்காவதை மென்றபடி, யாரையும் பார்க்காமல், ஆர்டரைத் திங்கட்கிழமை டைப் அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

அவர் எழுந்து வேட்டியில் கையைத் துடைக்கப் போனார். சிஸ்டர் எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எண்ணெய் தொட்டுத் தொடச்சிட்டுப் போங்க சார். பிசினோட தொட்டா ஆர்டர் ஒங்க கையிலயே ஒட்டிக்கிடும்."